பதினான்கு விநாடிச் சக்கரம்

ஜூலை 3, வியாழன்

ஆன்றோ வேலை பார்க்கும் வங்கியின் ஊழியர் சங்கம் எங்கள் சைக்கிளுக்கு ஏதாவது வாங்கித் தர முன்வந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று பட்டியல் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் ஆன்றோ போன் செய்து மூன்று பொருள் சொன்னான்: உடம்போடு ஒட்டும் பந்தய உடை இரண்டு, பின்பக்கம் வால் நீண்ட ஹெல்மெட் இரண்டு, முன்னால் போட ஒரு கார்பன் சக்கரம். அந்தச் சக்கரத்தின் விளிம்பு ஒரு சாண் அகலம் இருக்குமாம், காற்றைக் கத்தி போல வெட்டிக்கொண்டு போகுமாம். அந்த ஒன்றின் விலைக்கே ஒரு பைக் வாங்கலாம்.

அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் சிரித்தான். காற்றாலை அலுவலகத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் காற்றின் வேகத்தைப் பதிவு செய்கிறவன் வேறென்ன சொல்வான் என்றான்.

எங்களுடையது இருவர் ஓட்டும் டேண்டம் சைக்கிள். ஆன்றோவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது, பிறவியிலேயே. பின்னால் அவன், முன்னால் நான். முன்னால் இருப்பவனைப் பைலட் என்பார்கள். ஐந்து வருடமாக நான்தான் அவன் பைலட். செப்டம்பர் 21இல் மாநிலத் தேர்வு. இருபது கிலோமீட்டரை இருபத்தெட்டு நிமிடத்துக்குள் முடித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். போன மாதம் எங்கள் நேரம் இருபத்தொன்பது பன்னிரண்டு.

"காலால எடுக்க முடிஞ்சதெல்லாம் எடுத்தாச்சு மக்கா. மிச்சத்தக் காசு குடுத்துதான் எடுக்கணும்" என்றான்.

ஜூலை 6, ஞாயிறு

அளக்கும் முறை ஒன்று கண்டுபிடித்தேன். அரல்வாய்மொழி தாண்டி ரயில் பாதைக்கு மேல் ஒரு பழைய மேம்பாலம் இருக்கிறது. இப்போது கல் லாரிகள் மட்டும்தான் போகும். பாலத்தின் உச்சியில் நின்று, பெடல் மிதிக்காமல் வண்டியை இறக்கத்தில் விடுவோம். வேகம் தீர்ந்து கால் ஊன்றும் இடத்தில் என் மனைவி பகவதி சாக்பீஸால் கோடு போடுவாள். நாடா பிடித்து அளப்போம். மிதிக்கவில்லை என்பதால் காலின் பலம் கணக்கில் வராது. புதுப் பொருள் போட்ட உற்சாகத்தில் கூடுதலாக மிதித்து நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது.

பகவதி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிறு ஒருநாள்தான் அவளுக்கு ஓய்வு. திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டாவது ஓட்டத்துக்குள் அவளுக்கே ஆர்வம் வந்துவிட்டது.

சாதாரண டி-ஷர்ட், சாதாரண ஹெல்மெட், சாதாரணச் சக்கரம்: 386, 391, 383 மீட்டர்.

ஜூலை 9, புதன்

மேற்குக் காற்று ஏறிவிட்டது. அலுவலகத்தில் இன்று ஏழாம் எண் கோபுரத்தின் காற்றுமானி வேலை செய்யவில்லை. திரும்பி வரும்போது தோவாளையில் அம்மா கேட்ட பிச்சிப்பூ வாங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

பந்தய உடை இரண்டு, நீச்சல் குளத்துப் பையன்களிடம் இரவல். 402, 405, 401. பதினாறு மீட்டர் கூடுதல்! சட்டை படபடப்பது இவ்வளவு பிடித்து இழுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. காலம் முழுக்க ஒரு கையால் பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தது போல.

ஆன்றோவுக்குத் தாடி மேல் சந்தேகம். அதையும் பார்த்துவிடுவோம் என்று பாலத்தடியிலேயே மழித்துக்கொண்டான். மூன்று ஓட்டம். ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. தாடி போனதுதான் மிச்சம். முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஜூலை 20, ஞாயிறு

உடை இரவல் தந்த பையன்களின் நண்பன் ஜிதின் மார்த்தாண்டத்திலிருந்து வந்தான். மென்பொருள் வேலை, இருபத்தாறு வயது, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிகளுக்குப் போகிறவன். தன் கார்பன் சக்கரத்தையும் இரண்டு வால் ஹெல்மெட்டையும் செப்டம்பர் ஏழு வரை வைத்துக்கொள்ளச் சொன்னான். அதன் பிறகு அவனுக்கே போட்டி இருக்கிறது.

ஆன்றோ சக்கரத்தை மடியில் வைத்து வெகுநேரம் தடவிப் பார்த்தான். விரலால் சுண்டினான். வெறும் பானை போல ஒரு சத்தம் வந்தது. சுழற்றிவிட்டுக் காதருகே பிடித்தான். தேனீக் கூட்டம் போல இருக்கிறதென்று ஜிதினிடம் சொல்லி, இன்னொரு முறை சுழற்றச் சொன்னான். அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. சத்தத்துக்காக இவ்வளவு பணம் கொடுக்கலாமா?

அதிகாலையில் காற்று அசையாத நேரத்தில் ஓடினோம். ஹெல்மெட்டுக்கு நாலு மீட்டர். சக்கரத்துக்கு ஒன்பது. ஒன்பது மீட்டர் ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிதாகவும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

முன் பிரேக்கின் கட்டை தேய்ந்துவிட்டது. மார்ச்சில்தான் மாற்றினேன். கடைக்காரர் நாராயணபிள்ளை மலைப்பாதையில் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். செம்மண் தூசு என்றேன். புதிது போட்டுக்கொடுத்தார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே ஒன்பது மணிக்குப் போனோம், பக்கவாட்டுக் காற்று வேண்டும் என்பதற்காக. தேர்வு நடக்கும் சாலையிலும் காற்று இருக்கும் அல்லவா? அரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து நன்றாகவே அடித்தது. சாதாரணச் சக்கரம் 388. கார்பன் சக்கரம் 371, 398, 379.

ஆக, காற்று பக்கவாட்டில் அடித்தால் அந்த அகல விளிம்பே பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளுகிறது. வண்டி நிலைகொள்ளாமல் வேகம் இழக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருள் சாதாரணச் சக்கரத்தை விடக் குறைவாகப் போகிறது! எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அளக்காமல் வாங்கியிருந்தால் என்னாவது?

நாடாவைச் சுற்றிக்கொண்டே பகவதி, மூன்றாவது ஓட்டத்தில் நீங்கள் தலையைத் தூக்கினீர்களா என்று கேட்டாள். லாரி ஒன்று வந்தது, பார்த்தேன் என்றேன்.

ஜூலை 30, புதன்

சங்கத்துக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். உடையும் ஹெல்மெட்டும் வாங்கலாம், சக்கரம் தேவையில்லை. எண்களைக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் ஆன்றோவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் சக்கரம் செய்தவர்களின் விவரங்களைப் போனில் வாசிக்கவிட்டுக் கேட்டிருக்கிறான். பக்கக் காற்றில்தான் அந்த விளிம்பு அதிகம் உதவும் என்று அதில் இருக்கிறதாம். விற்கிறவன் அப்படித்தான் எழுதுவான் என்றேன். நாம் அளந்தது நம் சாலையில், நம் காற்றில்.

அவன், அனுப்பு என்றான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று என்ன தேதி என்று தெரிகிறதா என்று பகவதி காலையில் கேட்டாள். தெரியும் என்றேன். ரேஷன் கடையில் துவரம்பருப்பு வந்திருக்கிறது, போய் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சங்கச் செயலாளர் ஷீலா கிறிஸ்டபெல் மேடம் பேசினார். கூட்டத்தில் என் அறிக்கையை எல்லோரும் பாராட்டினார்களாம். இவ்வளவு நேர்மையாக, வேண்டாம் என்று சொல்கிறவர்களை அவர் பார்த்ததே இல்லையாம். உடையும் ஹெல்மெட்டும் ஒப்புதல் ஆகிவிட்டன. சக்கரம் இல்லை. அடுத்த கூட்டம் அக்டோபரில்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புது உடையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அரல்வாய்மொழி முக்கில் டீ குடிக்க நின்றோம். பகவதி வரவில்லை. ஆன்றோ டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"தாணு, பாலத்துல எறங்கும்போது நீ என்னத்துக்கு நிமிருத?"

நான் நிமிரவில்லை என்றேன்.

"நீ குனிஞ்சிருந்தா காத்து ஒன் முதுகுக்கு மேல ஏறி வந்து எனக்க நெத்தில அடிக்கும். நீ நிமிந்தா அது நின்னு போவும். செவுரு எழும்புன மாதிரி. பொறவு பிரேக்கு. விரல லேசா வைக்கிய, ஆனா வண்டி முழுக்க எனக்குத் தெரியும்லா."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஜனவரியில் மறுபடி வண்டி எடுத்தோமே, அன்றிலிருந்தே என்றான். அப்படியென்றால் ஏழு மாதம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஏற்கெனவே இரண்டு பைலட் விட்டுப் போய்விட்டார்கள், சொன்னால் நானும் போய்விடுவேனோ என்று பயந்தானாம். சொல்லாமல் இருந்தால் தானாகச் சரியாகும் என்று பார்த்தானாம்.

"ஒனக்குப் பயம்னா பயம்னு எழுது. தப்பில்ல. அதக் கொண்டு போயி சக்கரத்து மேல ஏன் போட்ட?"

டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலகம். தலைவலி.

ஆகஸ்ட் 20, புதன்

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

போன வருடம் ஆகஸ்ட் நாலாம் தேதி முப்பந்தல் அருகே விழுந்தோம். எனக்கு உள்ளங்கை மட்டும் சிராய்த்தது. ஆன்றோவுக்குக் காறை எலும்பு இரண்டு துண்டு. தகடு வைத்துத் திருகினார்கள். நாலு மாதம் கையைத் தூக்க முடியாமல், ஒரு கையால் சோறு பிசைந்து தின்றான். வேலைக்கு மூன்று பேருந்து மாறிப் போகிறவன், ஒரு கையில் கோலும் ஒரு கையில் தொட்டில் கட்டுமாக எப்படிப் போனான் என்று நான் கேட்டதே இல்லை.

எல்லோரிடமும் நான் சொன்னது: கணவாய்க் காற்று திடீரென்று பக்கவாட்டில் அடித்துத் தள்ளிவிட்டது. மருத்துவமனையில் சொன்னேன். ஆன்றோவின் அம்மாவிடம் சொன்னேன். ஆன்றோவிடம் சொன்னேன். அவனுக்கு விழுந்த நேரத்து ஞாபகம் எதுவும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்த்தேன். முப்பந்தல் கோபுரம், காலை 6.40. விநாடிக்கு மூன்று மீட்டர். வேப்பிலை அசையும், அவ்வளவுதான். அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறையின் அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

லாரி ஒன்று பின்னால் ஆரன் அடித்தது. நான் முன் பிரேக்கை முழுதாகப் பிடித்துவிட்டேன். அதுதான் நடந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆன்றோ ஒரு யோசனை சொன்னான். காற்று நெற்றியில் நிற்கும்போதெல்லாம் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான். நான் எதுவும் செய்ய வேண்டாம், எண்ணினால் போதும்.

இருபது கிலோமீட்டருக்குப் பதினொரு தட்டல். பதினொன்று! நான் மிஞ்சிப்போனால் மூன்று என்று நினைத்திருந்தேன்.

எந்தெந்த இடத்தில் என்று வீட்டுக்கு வந்து ஒரு படம் வரைந்தேன். வேடிக்கை என்னவென்றால், காற்று அதிகம் அடிக்கும் இடங்களில் தட்டலே இல்லை. காற்றாடிகளுக்கு நடுவே திறந்த வெளியில் நான் குனிந்துதான் போயிருக்கிறேன். கல்குவாரி ரோடு வந்து சேரும் முக்கில் நாலு தட்டல். அங்கே காற்றே கிடையாது, இரண்டு பக்கமும் புளியமரம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஏழு தட்டல். ஏழும் லாரி சத்தத்துக்கு. அதுவும் லாரி பக்கத்தில் வரும்போது இல்லை. தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே எழுந்துவிடுகிறேன். பக்கத்தில் வந்து கடக்கும்போது நான் ஏற்கெனவே குனிந்தாகிவிட்டது. பயம் இவ்வளவு முன்னதாக வருமென்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் காற்றை அளந்தவனுக்கு இது தெரியவில்லை.

இறங்கியதும் அவனிடம் சொன்னேன். பிரேக், லாரி, 6.40 தாள், எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவன் சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கோலை விரித்தான். பேருந்து நிறுத்தம் வரை கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றான்.

செப்டம்பர் 3, புதன்

ஆன்றோ போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

எடுக்கவில்லை. பகவதியிடம் முழுவதையும் சொன்னேன். வண்டி ஆடியதை அவளும் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள். பிறகு, தோசை ஆறுகிறது என்றாள். விழுந்த அன்று காற்று இல்லை என்பது மட்டும் அவளுக்கும் புதிது.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஐந்தரைக்குப் பாலத்தில் ஆன்றோ நின்றுகொண்டிருந்தான். ஆட்டோவில் வந்திருக்கிறான். நான் சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்க ஜிதினுக்காகத்தான் அங்கே போனேன்.

"நாலு மாசம் காத்தத் திட்டிக்கிட்டே கெடந்தேன்" என்றான். "அம்மை கடலுக்குப் போறவருக்க மவ. காத்த வையாதலேன்னு சொல்லிட்டே இருப்பா. கேக்கல."

நான் சக்கரத்தைப் பாலத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"மன்னிப்பெல்லாம் பொறவு பாப்போம். சக்கரம் இன்னைக்குப் போவுதுலா? அதுக்க முன்ன ஒழுங்கா ஒருதடவ அளந்துரு."

பகவதியைப் போனில் எழுப்பி வரவழைத்தேன், ஜிதினை நண்பகலுக்கு வரச் சொன்னேன். காற்று ஏறும்வரை காத்திருந்தோம். பிரேக்கைத் தொட வழியில்லாதபடி ஆன்றோ என் விரல்களைக் கைப்பிடியோடு சேர்த்துத் துணியால் கட்டலாமா என்று கேட்டான். பகவதி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். தட்டல் விழுந்த ஓட்டம் எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். பதினாறு முறை இறங்கினோம். ஆறுதான் தேறியது.

சாதாரணச் சக்கரம்: 404, 406, 403. கார்பன் சக்கரம்: 424, 422, 425.

பத்தொன்பது மீட்டர். காற்றில்லாத நேரத்தைவிட இரண்டு மடங்கு. விற்கிறவன் எழுதியது சரி. நான் எழுதியது தவறு. இருபது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பதினான்கு விநாடி வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ஆன்றோ அந்த எண்ணை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான்.

நண்பகலில் ஜிதின் வந்து சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனான்.

ஷீலா மேடத்துக்குத் திருத்தம் எழுத வேண்டும். தேர்வு முடியட்டும், எழுதுகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாலு தட்டல்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விருதுநகர் தாண்டி ஒரு புறவழிச்சாலையில் தேர்வு. போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள், லாரி கிடையாது. ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் நடுவரின் வேன் ஒன்று வரும் என்று தொடக்கக் கோட்டில் நின்றபோதுதான் சொன்னார்கள். டீசல் வேன். என் விரல் தானாகப் பிரேக்குக்குப் போனது. ஆன்றோவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

கிளம்பி ஒரு கிலோமீட்டர் போனதும் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"வேன் அம்பது மீட்டர். அங்கனயே நிக்குது."

பிறகு ஒவ்வொரு நிமிடமும் சொன்னான். அம்பது. நாப்பத்தஞ்சு. அம்பது. மூச்சு வாங்கும்போதும் விடாமல் சொன்னான். எண்ணாக வந்தபோது அது வெறும் தூரமாக இருந்தது. எட்டாவது கிலோமீட்டருக்குப் பிறகு நான் சத்தத்தைக் கேட்கவில்லை, அவன் சொல்லும் எண்ணை மட்டும் கேட்டேன். என் கண்ணுக்கு முன்னால் வெள்ளைக் கோடு, அவன் காதுக்குப் பின்னால் வேன். ஐந்து வருடத்தில் நாங்கள் இப்படி ஓட்டியதே இல்லை.

இரண்டு தட்டல் விழுந்தது. ஒன்று திரும்பும் இடத்தில், ஒன்று பதினேழாவது கிலோமீட்டரில்.

28 நிமிடம் 09 விநாடி.

வேனில் வந்த நடுவர் நல்ல ஓட்டம் என்று கைகுலுக்கினார். ஆன்றோ எத்தனை என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தான். ரயிலில் நாகர்கோவில் வரும்வரை எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு தட்டலுக்கு இரண்டு விநாடி என்று தாராளமாக வைத்தாலும் நாலுதான் ஆகிறது. இரண்டும் விழாமல் இருந்திருந்தாலும் ஐந்து விநாடி தவறியிருப்போம். சக்கரம் இருந்திருந்தால், இரண்டு தட்டலோடும் தேர்வாகியிருப்போம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் இதுதான் வருகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஷீலா மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். ஜூலை 27இல் எடுத்த எண்கள் செல்லாது, ஓட்டியவன் பயத்தில் பிரேக்கைத் தொட்டான், அந்த ஓட்டியவன் நான்தான், இது தெரிந்த பிறகும் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். புதிய எண்களைக் கீழே கொடுத்தேன். இவ்வளவு விலைக்கு இந்தச் சக்கரம் தகுமா என்று கேட்டால், எங்களுக்குப் பதினான்கு விநாடிக்குத் தகும், ஒன்பது விநாடியில் தவறினோம் என்று முடித்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆன்றோவின் வங்கிக்குப் போய், மதிய இடைவேளையில் வெளியே அழைத்து வந்தேன். வேறு பைலட்டைப் பார்த்துக்கொள் என்றேன். நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

"பைலட்ட மாத்துனா எத்தன விநாடி கொறையும்?" என்று கேட்டான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"அளக்காம சொல்லாத. ஒருதடவ அளக்காம சொன்னது போதும்."

ஜிதினைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவனே சொன்னான்.

அக்டோபர் 5, ஞாயிறு

சாதாரணச் சக்கரம், அதே உடை, எதிர்க்காற்றில் நாலு கிலோமீட்டர் நேர்ச்சாலை. முதலில் நானும் ஆன்றோவும் ஓட்டினோம். ஜிதின் கடிகாரம் பிடித்தான். 5 நிமிடம் 51. பிறகு அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஆன்றோ ஜிதினோடு ஏறினான். கடிகாரம் என் கையில்.

என் வண்டியை வேறொருவன் ஓட்டி நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து வரும்போது இரண்டு பேரா ஒருவரா என்று தெரியவில்லை. ஜிதினின் முதுகு மேசை போலப் படிந்திருந்தது. அதற்குப் பின்னால் ஆன்றோவின் தலை சற்றும் அசையவில்லை. குவாரி லாரி ஒன்று அவர்களைக் கடந்து போனது. இருவரில் ஒருவரும் எழவில்லை. இவ்வளவு அழகான வண்டியா அது?

கோடு நெருங்க நெருங்க என் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. மருந்தகத்தில் ஆள் குறைவென்று பகவதி இன்று ஞாயிறும் வேலைக்குப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. நாலைந்து விநாடி தாமதித்து அழுத்தினால் எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு எண்ணம் வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் அழுத்தினேன். 5.43.

ஆன்றோ இறங்கியதும் முதலில் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். ஐந்து நாற்பத்து மூன்று என்றேன். எட்டு விநாடி ஜிதின் முன்னால் என்றேன். ஜிதின் கீழே பார்த்தான். ஆன்றோ தலையசைத்துவிட்டு, இருபது கிலோமீட்டருக்கு நாற்பது ஆச்சா என்று கேட்டான்.

நாற்பதுக்குக் கொஞ்சம் குறையும், தூரம் கூடினால் இளைஞர்களும் களைப்பார்கள் என்றேன். அது உண்மைதான். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

சங்கக் கூட்டம் முடிந்தது. ஷீலா மேடம் என் கடிதத்தை எல்லோருக்கும் முன்னால் முழுதாக வாசித்திருக்கிறார். கூச்சமாக இருந்தது. சக்கரத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒருவர், இவ்வளவு பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கலாமே என்று கேட்டாராம். அவர் கேட்டது நியாயம்தான்.

சாயங்காலம் ஆன்றோ வீட்டுக்கு வந்தான். பகவதி அவனுக்குப் பிடிக்குமென்று நெத்திலி வறுத்தாள். "மைனி, தாடிய எடுத்ததுல கறிதான் நல்லா ருசிக்குது" என்று மூன்றாவது முறை வாங்கித் தின்றான். பிறகு விஷயத்துக்கு வந்தான். ஜிதினுக்கு ஞாயிறு மட்டும்தான் வர முடியும், மற்ற நாளெல்லாம் வேலை. ஞாயிறு அவனோடு, மற்ற நாள் காலை என்னோடு. அடுத்த தேர்வு ஜூனில். மே கடைசியில் இருவரையும் இருபது கிலோமீட்டர் ஓட்டவிட்டு, யார் வேகமோ அவர் முன்னால் உட்கார வேண்டும். கடிகாரம் பகவதி பிடிக்க வேண்டும்.

இது சரிதானா என்று என்னைக் கேட்டான். சரி என்றேன். அவன் இதைச் சொல்ல எத்தனை நாள் எடுத்திருப்பான் என்று யோசித்தேன், கேட்கவில்லை.

ஜூன் தேர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பக் கொண்டு வந்திருந்தான். பெயர், பிறந்த தேதி, பார்வைக் குறைபாட்டின் வகை, எல்லாவற்றையும் அவன் சொல்ல நான் எழுதினேன். பைலட் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. அந்த இடத்தை விடு என்றான். கடைசி நாள் மே முப்பதுதான், அதற்குள் நிரப்பிக்கொள்ளலாமாம்.

நாளைக் காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறான். குவாரி ரோடு வழியாக.